சாயங்காலம் விட்டுருவாங்க, சம்மன் அப்புறம் வரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டு, வாசிப்புக்காகச் சில இடங்களில் மட்டும் சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன வாரம் எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சிவகாசி. அங்க இருந்தப்போ ஒரு தம்பி போன் பண்ணான். அவன் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. இந்த எபிசோடே அந்தப் பதில்தான், கொஞ்சம் நீளமா.

அவன் திருத்தங்கல் பக்கம். பேர் வேண்டாம். அம்மா பட்டாசு ஆலையில சரம் பின்னுறவங்க. இவன் டிகிரி முடிச்சுட்டு எஸ்.ஐ. தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கான். ஆம்பளையைத்தான் பிடிக்கும்னு அவனுக்குப் பதினாறு வயசுலயே தெரியும். அது வெளிய தெரிஞ்சது மொத்தம் நாலு பேருக்கு, அதுல நான் ஒருத்தன். மதுரையில வானவில் பேரணி நடக்கப்போகுது, போகலாமான்னு யோசிக்கிறான். கேள்வி இவ்வளவுதான்: "அண்ணே, அங்க போய் கேஸ் கீஸ் போட்டுட்டா என்ன ஆகும்?"

நான் சட்டுனு, "377தான் போயிடுச்சேடா, இனி என்ன கேஸு"ன்னு சொன்னேன். போனை வச்ச பிறகுதான், கோர்ட் செய்தி எழுதிப் பிழைச்ச ஆளு இப்படி ஒரு பதிலைச் சொல்லலாமான்னு எனக்கே உறைச்சுது. 377 போனதுக்கும் தெருவுல இறங்கிக் கோஷம் போட்டா கேஸ் விழுறதுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி.

கொஞ்சம் 2018க்குப் போவோம். அந்த வருஷம் ஏழு வாரத்துக்குள்ள மூணு தீர்ப்பு வந்துச்சு. செப்டம்பர் 6, சுப்ரீம் கோர்ட், நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கு. வயசுக்கு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட இருக்கிறது குற்றம் இல்ல, 377 அந்த அளவுக்குச் செல்லாது. செப்டம்பர் 20, சென்னை ஹைகோர்ட், ஜீவானந்தம் வழக்கு. இதைப் பத்தி வக்கீல்களைத் தவிர யாரும் அதிகமாப் பேசல, அப்புறம் வர்றேன். அக்டோபர் 23, மறுபடி சுப்ரீம் கோர்ட், பட்டாசு வழக்கு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, வெடிக்க ரெண்டு மணி நேரம்தான்.

எங்க ஊர்ல இந்த மூணாவது தீர்ப்புதான் தீர்ப்பு. மத்த ரெண்டும் வந்ததே தெரியாது. ஆலைகளை மாசக்கணக்குல பூட்டினாங்க. சரம் பின்னுறவங்களுக்குச் சரமே இல்லைன்னா என்ன வேலை? விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னாடி ஆயிரக்கணக்குல ஜனம் திரண்டுச்சு. வாழ்க்கையில கொடி பிடிக்காத பொம்பளைங்க எல்லாம் ரோட்டுல உக்காந்தாங்க. (ஒரு தகவல்: வாணத்துல பச்சைக் கலர் பேரியத்துலதான் வரும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம். ஆறு கலர் வானவில் கொடியை வானத்துல விரிக்கணும்னா கோர்ட் உத்தரவுப்படி பச்சைக்கு வேற வழி பாக்கணும். சரி, விடுங்க.)

சொல்ல வந்தது, போராட்டம்னா என்னன்னு எங்க ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மறியல் பண்ணா நடக்கிற முறை எல்லாருக்கும் மனப்பாடம். வேன் வரும். ஏத்துவாங்க. ஒரு கல்யாண மண்டபத்துல கொண்டு போய் உக்கார வைப்பாங்க. மத்தியானம் புளிசாதமோ தக்காளிசாதமோ வரும். சாயங்காலம் பேரு, அப்பா பேரு, விலாசம் எழுதிக்கிட்டு விட்டுருவாங்க. இந்தத் தம்பியோட அம்மாவும் ஒரு மறியல்ல அப்படி மண்டபத்துக்குப் போய்ட்டு வந்தவங்கதான். அந்தக் கதையை அவங்க சொல்லணும், நீங்க கேக்கணும். எந்த ஏட்டய்யா தண்ணி பாட்டில் வாங்கிக் கொடுத்தாரு, எந்த அக்கா மேடையில ஏறி மாலை மாத்துற மாதிரி நடிச்சுக் காமிச்சுச்சு, எல்லாம் வரும்.

"அம்மா அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கும்ணே"ன்னான் தம்பி. "எனக்கு அப்படி ஒண்ணு நடந்தா நான் யார்கிட்ட சொல்றது?"

இந்தக் கேள்விக்குள்ள நிறைய இருக்கு.

மண்டபத்துல எழுதிக்கிட்ட அந்த விலாசம் சும்மா எழுதினது இல்ல. அது எஃப்.ஐ.ஆர். ஆகலாம். வழக்கமாப் போடுற செக்ஷன் பழைய ஐ.பி.சி. கணக்குல 143, 188, ரோட்டை மறிச்சா 341. 143ன்னா சட்டவிரோதமாக் கூடுறது. 188ன்னா அரசு அதிகாரி போட்ட உத்தரவை மீறுறது. எந்த உத்தரவு? பெரும்பாலும் 1861ஆம் வருஷப் போலீஸ் சட்டம் 30(2)ன்னு ஒண்ணு, மாவட்டங்கள்ல அடிக்கடி போடுவாங்க. 2024 ஜூலை 1க்கு அப்புறம் ஐ.பி.சி. போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துச்சு. 143 இப்போ 189(2), 188 இப்போ 223. 377ஐப் புதுச் சட்டத்துல சேர்க்கவே இல்ல. ஆனா கூட்டம் கூடுற செக்ஷன்ல ஒண்ணும் குறையல, பேண்ட் சட்டை மாத்தி வந்து நிக்குது.

அதாவது, உன்னை யாரு காதலிச்சேன்னு பிடிக்க மாட்டாங்க. எங்க நின்னேன்னு பிடிப்பாங்க.

உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. இங்கிலாந்துல 1998 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. கேன்டர்பரி பேராலயத்துல ஆர்ச்பிஷப் ஜார்ஜ் கேரி பிரசங்கம் பண்ணிட்டிருக்காரு. பீட்டர் டாட்செல்னு ஒரு செயல்பாட்டாளர், கூட ஆறு பேர், நேரா பிரசங்க மேடையில ஏறி, தன்பாலின ஈர்ப்பாளர்களோட சம உரிமையை இவர் எதிர்க்கிறாருன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. தன்பாலின ஈர்ப்பு அப்போ அங்க குற்றம் இல்ல. அப்புறம் எதுல கேஸ் போட்டாங்க? தூசி தட்டித் தேடி எடுத்தாங்க, திருச்சபை நீதிமன்ற அதிகார வரம்புச் சட்டம், 1860. வழிபாட்டைக் குலைச்ச குற்றம். மாஜிஸ்திரேட் தீர்ப்பு சொன்னாரு, குற்றவாளி, அபராதம் 18 பவுண்டு 60 பென்ஸ். 18.60. சட்டத்தோட வருஷத்தையே அபராதமாப் போட்டு நக்கல் பண்ணிட்டாருன்னுதான் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க.

அதே 1860லதான் நம்ம ஐ.பி.சி.யும் நிறைவேறுச்சு. 377, 143, 188 எல்லாம் ஒரே பிரசவம். ஆனா நமக்கு எந்த மாஜிஸ்திரேட்டும் அந்த மாதிரி ஜோக்கோட முடிச்சு வைக்கிறதில்ல.

துருக்கியில 2019 மே 10. அங்காராவுல மத்தியக் கிழக்குத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வளாகத்துக்குள்ள மாணவர்கள் பிரைடு நடத்துறாங்க. நிர்வாகம் வேண்டாம்னு சொல்லுது, போலீஸ் உள்ள வருது, பெப்பர் ஸ்ப்ரே அடிக்குது. 18 மாணவர்கள், ஒரு ஆசிரியர் மேல கேஸ். சட்டவிரோதக் கூட்டம்னு. நம்ம 143ஓட ஒண்ணுவிட்ட தம்பி. 2021 அக்டோபர்ல விடுதலை. நல்லது. ஆனா நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல போச்சு. இருபது வயசுல ரெண்டு வருஷம்னா என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

இந்தியாவுக்கு வருவோம். பல பேரு இங்க முதல் போராட்டமே கொல்கத்தாவுல 1999ல நடந்த நடைதான்னு நினைக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே 1992 ஆகஸ்ட் 11, டில்லி போலீஸ் தலைமையகத்து முன்னாடி ஏ.பி.வி.ஏ.ன்னு ஒரு குழு நின்னுச்சு. கன்னாட் பிளேஸ் பூங்காவுல ஆம்பளைங்களைப் பிடிச்சிட்டுப் போனதைக் கண்டிச்சு. யோசிச்சுப் பாருங்க, 377 முழு உயிரோட இருந்த காலம், போலீஸ் ஆபீஸ் வாசல்லயே போய் நின்னிருக்காங்க.

377ஐ செயல்பாட்டாளர்கள் மேல நேரடியா வீசின கேஸும் உண்டு. லக்னோ, 2001 ஜூலை. எய்ட்ஸ் தடுப்பு வேலை பார்த்த பரோசா டிரஸ்ட், நாஸ் ஃபவுண்டேஷன் இன்டர்நேஷனல் ஊழியர்கள் நாலு பேரைப் பிடிச்சு, 377, கூட்டுச் சதி, குற்றத்துக்குத் தூண்டுறது, ஆபாசப் பொருள்னு அடுக்கி 47 நாள் ஜெயில்ல வச்சாங்க. அவங்க கையில இருந்தது ஆணுறையும் விழிப்புணர்வுப் புத்தகமும். அதுல ஒருத்தர் ஆரிஃப் ஜாஃபர். 2018ல சுப்ரீம் கோர்ட்ல 377க்கு எதிரா நின்ன மனுதாரர்கள்ல அவரும் இருந்தாரு. நாம செப்டம்பர் 6ன்னு ஸ்டேட்டஸ் போடுறோம், அவருக்கு அது பதினேழு வருஷம்.

377 போன பிறகு? மும்பை, 2020 பிப்ரவரி 1. நான் தம்பிகிட்ட விட்ட பொய் எங்க உடைஞ்சதுன்னா இங்கதான்.

அந்த வருஷம் குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராப் போராட்டம் நடந்துட்டிருந்த நேரம். வழக்கமா ஆகஸ்ட் கிராந்தி மைதானத்துல கிளம்புற பிரைடு ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி கொடுக்கல. ஆசாத் மைதானத்துல கூடி நின்னுட்டுக் கலைஞ்சு போங்கன்னாங்க. அந்தக் கூட்டத்துல சிலர், அப்போ தேசத்துரோக வழக்குல கைதாகியிருந்த ஷர்ஜீல் இமாமுக்கு ஆதரவா ஒரு கோஷம் போட்டாங்க. வீடியோ பரவுச்சு. ஒரு முன்னாள் எம்.பி. புகார் கொடுத்தாரு. டாடா சமூக அறிவியல் கழகத்துல படிச்ச ஒரு மாணவி பேரைப் போட்டு, கூட 50 பேர்னு சேர்த்து, 124ஏ. தேசத்துரோகம். ஒரு பிரைடு கூட்டத்துல இருந்து!

அந்த மாணவி பேர் எல்லாப் பேப்பர்லயும் வந்தது, நான் சொல்லல. இருபத்திரெண்டு வயசுல போட்ட ஒரு கோஷத்துக்காகக் காலம் பூரா தேடுபொறியில நிக்கிறவங்களை நானும் ஒரு தடவை நிறுத்த வேண்டாம். பிப்ரவரி 5 செஷன்ஸ் கோர்ட் முன்ஜாமீன் மறுத்துச்சு. 11ஆம் தேதி பாம்பே ஹைகோர்ட் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்துச்சு. 124ஏ பிரிவையே 2022 மே 11ல சுப்ரீம் கோர்ட் நிறுத்தி வச்சது உங்களுக்குத் தெரியும். புதுச் சட்டத்துல 152ங்கிற பேர்ல ஏறக்குறைய அதே சங்கதி வந்து உக்காந்திருக்குங்கறதும் தெரிஞ்சுக்கோங்க.

இதுல எனக்கு உறுத்துற இடம் வேற. பிரைடு ஏற்பாட்டாளர்கள் உடனே அறிக்கை விட்டாங்க: அந்தக் கோஷத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்ல, கண்டிக்கிறோம். நான் அவங்களைத் திட்ட மாட்டேன். அடுத்த வருஷம் அனுமதி வேணும், நூத்துக்கணக்கான பேரோட பாதுகாப்பு கையில இருக்கு. அந்தக் கோஷம் சரியா தப்பாங்கறதும் நான் இங்க பேச வரல. ஆனா, வீட்டுல வெளிய தள்ளப்பட்டவங்க எல்லாரும் ஒண்ணா நிக்கிற இடம்னு சொல்ற ஒரு கூட்டம், போலீஸ் வந்ததும் "இவங்க எங்க ஆள் இல்ல"ன்னு சொல்ல வேண்டியதாயிடுச்சு பாருங்க. கேஸ் போடுறதோட வேலையே அதுதான். தண்டனை வரைக்கும் போக வேண்டியதே இல்ல.

நம்ம ஊர்ல கூடங்குளத்துக்கு எதிரா நின்ன இடிந்தகரை ஜனங்க ஆயிரக்கணக்கானவங்க மேல இதே 124ஏ விழுந்துச்சு. அங்க யாரும் யாரையும் தள்ளி நிறுத்தல, ஏன்னா மொத்த ஊரும் எஃப்.ஐ.ஆர்.ல இருந்துச்சு. பிறகு 2021ல தமிழ்நாடு அரசு போராட்ட வழக்குகள் 5,570ஐ வாபஸ் வாங்குறதா அறிவிச்சுது. வேளாண் சட்டம், குடியுரிமைச் சட்டம், எட்டுவழிச் சாலை, கூடங்குளம் எல்லாம் அதுல வந்துச்சு. ஊரா நின்னா ஊராத் திரும்ப வாங்குவாங்க. தனியா நிக்கிறவனுக்கு?

இப்போ தம்பி கேள்விக்கு வர்றேன். அவனோட பயம் ஜெயில் இல்ல. அவன் பயம் சம்மன். ஒரு நாள் காலையில திருத்தங்கல்ல அவன் வீட்டு வாசல்ல ஒரு போலீஸ்காரர் வந்து நின்னு, பக்கத்து வீட்டு மதினி காது கேக்க, "மதுரையில அந்த ஊர்வலத்துல..."ன்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது. மத்தவங்களுக்கு எஃப்.ஐ.ஆர்.ங்கறது ஒரு கேஸ். அவனுக்கு அது அவனைக் கேக்காமலே அம்மாகிட்ட அவன் விஷயத்தைச் சொல்ற கடுதாசி.

அடுத்தது வேலை. போலீஸ் வேலைக்குப் போறவங்களுக்கு 14(பி)ன்னு ஒரு விதி இருக்கு. கிரிமினல் வழக்குல சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது. விடுதலை ஆனாலும் "சந்தேகத்தின் பலன்"ல விடுதலைன்னா, சம்பந்தப்பட்டதாவே எண்ணிக்குவாங்க. ஹைகோர்ட் முழு அமர்வு 2008லயே அதை ஏத்துக்கிச்சு. அதனால எஸ்.ஐ. ஆகணும்னு நினைக்கிறவனுக்கு மண்டபத்துத் தக்காளிசாதம் கொஞ்சம் காரம்தான்.

இங்கதான் அந்த ரெண்டாவது தீர்ப்பு, ஜீவானந்தம். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். அவர் சொன்னது எளிமையா இதுதான்: 188ல போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட முடியாது. உத்தரவு போட்ட அதிகாரி எழுத்துமூலமா மாஜிஸ்திரேட்கிட்ட புகார் கொடுக்கணும், அப்போதான் கோர்ட் கையில எடுக்கும். 30(2)ங்கறது கூட்டத்தை ஒழுங்குபடுத்துற அதிகாரம், அடியோட தடை பண்ற அதிகாரம் இல்ல. அமைதியாக் கூடி எதிர்ப்புச் சொல்றதை 143ன்னு சொல்லிட முடியாது. கையில இருந்த எஃப்.ஐ.ஆர்.களை ரத்து பண்ணிட்டாரு. அதுக்கப்புறமும் போலீஸ் போடத்தான் செய்றாங்க, அது வேற கதை. ஆனா போட்டா ரத்து கேக்க ஒரு கதவு இருக்கு. விருதுநகர் மாவட்டத்துக்காரங்களுக்கு அந்தக் கதவு ஹைகோர்ட் மதுரைக் கிளை. இலவச சட்ட உதவி வேணும்னா ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. நான் வக்கீல் இல்ல, நல்ல வக்கீலைப் பாருங்கன்னு சொல்றதுதான் என் அறிவுரை.

அதே நீதிபதிகிட்டதான் 2021ல சுஷ்மா வழக்கு வந்துச்சு. மதுரையில இருந்து சென்னைக்கு ஓடி வந்த ரெண்டு பெண்கள். பெத்தவங்க காணோம்னு புகார் கொடுக்க, போலீஸ் துரத்துது. எனக்கு இது புரியலைன்னு நீதிபதியே ஒத்துக்கிட்டு, ஒரு உளவியலாளர்கிட்ட போய் உக்காந்து கத்துக்கிட்டு வந்து தீர்ப்பு எழுதினாரு. ஜூன் 7. நான் கோர்ட் பார்த்த காலத்துல, "எனக்குத் தெரியல"ன்னு சொன்ன நீதிபதிகளை விரல் விட்டு எண்ணிடலாம்.

அந்த வழக்கோட தொடர்ச்சியா 2022ல தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகள்ல 24-சின்னு ஒண்ணு சேர்த்தாங்க. பால்புதுமையரை எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக் கூடாது. அதோட நிக்கல, அவங்களுக்காக வேலை செய்றவங்களையும் துன்புறுத்தக் கூடாது. நமக்கு முக்கியம் அந்த ரெண்டாவது பாதிதான். கூடவே ஒரு விளக்கமும் உண்டு: சட்டப்படி விசாரிக்கிறது துன்புறுத்தல்ல சேராது. அந்த ஓட்டை வழியா எவ்வளவு பெரிய வேன் போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதையெல்லாம் தம்பிக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னேன். முதல்ல சொன்னது தப்புடான்னும் சொன்னேன். அனுமதி வாங்கின பேரணின்னா ஆபத்து ரொம்பக் கம்மி, ஆனா இல்லவே இல்லைன்னு என்னால சொல்ல முடியாதுன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சம்பந்தமே இல்லாம, "அட்டையில எழுதுறதை பிரஸ்ல அடிச்சா நல்லா இருக்குமாண்ணே"ன்னான். சிவகாசிக்காரன் இல்லையா. இந்தியா பூரா கட்சி போஸ்டரும் காலண்டரும் அடிக்கிற ஊர்ல ஒரு அட்டை அடிக்க முடியாதா? முடியல. போஸ்டர்னா கீழ அச்சகம் பேர் போடணுமே, இதுல எங்க பேர் வேண்டாம் தம்பின்னு ஒரு பிரஸ்ல கைவிரிச்சுட்டாங்க. கடைசியில ஸ்கெட்ச் பேனாவுல எழுதினான்.

போனான். ஒண்ணும் நடக்கல. போலீஸ் கூடவே நடந்து வந்துச்சு, டிராஃபிக்கை ஒதுக்கிக் கொடுத்துச்சு. முகமூடி வாங்கி வச்சிருந்தான், பாதி தூரம் போட்டிருந்தான், வேர்த்து ஊத்துச்சுன்னு கழட்டிட்டானாம். கொள்கை எல்லாம் இல்லண்ணே, வெயிலுன்னான்.

ராத்திரி பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போயிருக்கான். அம்மா தோசை ஊத்திட்டே, எங்கடா போனேன்னு கேட்டிருக்காங்க. வாய் தவறி "ஒரு ஊர்வலத்துக்கு"ன்னுட்டான்.

"என்ன ஊர்வலம்?"

"உரிமை கேட்டும்மா."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டே கேட்டாங்களாம், "மண்டபத்துல வச்சாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப சாப்பாடும் போடல."

மிச்சத்தை அவன் இன்னும் சொல்லல.